தக்காளி நசுங்குதா? ஷாக் அப்சார்பரைப் பாருங்க

பாகூர் பக்கம் விளையிற தக்காளி, கத்தரி, கீரையை வாரம் மூணு நாள் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு என் பழைய சின்ன யானையில நானே ஏத்திக்கிட்டுப் போறேன். தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி ஊருக்குள்ள நுழைய ஏறக்குறைய 20 கிலோமீட்டர். போன மழைக்காலத்துக்கு அப்புறம் பெட்டிக்கு 2, 3 கிலோ தக்காளி நசுங்க ஆரம்பிச்சது. நாம பழுத்த பிறகு பறிக்கிறவங்க. குலுங்கின பழம் அன்னைக்குச் சாயங்காலமே தண்ணி விட்டுடும்.

"கனமான ஷாக் போட்டுடுங்க, பாரம் தாங்கும்" என்றார்கள் ஒரு கடையில். போட்டேன். குலுக்கல் இன்னும் அதிகமாச்சு! காரணத்தை ஒரு அனுபவசாலி மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

ஷாக் பாரம் தாங்காது

பாரத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் எல்லாவற்றிலும் பின்பக்கம் பட்டைதான். பள்ளத்தில் விழுந்ததும் பட்டை அமுங்கி, திரும்ப எழும்பி, மறுபடி மறுபடி ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. அதன் குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியே நெருக்கி ஓடுகிறது. ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியேறுகிறது.

ரொம்ப இறுக்கமான ஷாக் போட்டால், சின்ன மேடு பள்ளம்கூட அப்படியே பெட்டிக்கு வந்து சேரும். ஏஸ் ஏறக்குறைய முக்கால் டன் ஏற்றும் வண்டி. நான் ஏற்றுவதோ பெரும்பாலும் 300 கிலோ, திரும்பும்போது காலி. எனக்குக் கனமான ஷாக் பொருந்தாதது அதனால்தான். பூச்சியைப் பார்த்ததும் காரணம் பார்க்காமல் மருந்து அடிக்கிற கதைதான் நான் செய்தது.

வாங்குவதற்கு முன்

முதலில் டயர் காற்று. பாரத்துக்குத் தேவையானதைவிட அதிகமாக அடித்தால் வண்டி குதிக்கும். அடுத்து பட்டையில் முறிவு, துரு, தளர்ந்த யூ போல்ட், தேய்ந்த புஷ் இருக்கான்னு பாருங்க. துருவில் ஒட்டிப்போன பட்டை நெகிழாது. எந்த ஷாக்கும் அதைச் சரி செய்யாது.

பிறகு ஷாக். எண்ணெய் வழிந்து தூசி படிந்திருந்தாலோ, டயர் அங்கங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தாலோ சந்தேகப்படணும். மோசமான பாதையில் 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்க. வேலை செய்வது வெதுவெதுன்னு இருக்கும். ஒன்று மட்டும் ஜில்லுன்னு இருந்தால் அது செத்துப்போச்சு. சைலன்சர் குழாய் பக்கம் கை போகாமல் பார்த்துக்கோங்க.

தேர்ந்தெடுக்கும்போது

1. பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்க. ஒரே வண்டியில் பல மாடல் உண்டு. முழுக்க நீட்டிய நீளம், அமுக்கிய நீளம், காது அளவு மூன்றும் பொருந்தணும்.

2. பட்டையில் கூடுதல் பிளேட் போட்டு வண்டியை உயர்த்தியிருந்தால் பழைய நீளம் போதாது. ஷாக் முழுக்க இழுபட்டு உள்ளே உடைஞ்சிடும்.

3. எண்ணெய் ஷாக்கா, கேஸ் ஷாக்கா? கரடுமுரடான பாதையில் நீண்ட நேரம் ஓடினால் எண்ணெய் நுரைத்து ஷாக் சோர்ந்துபோகும். கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையைக் குறைக்கும். ஆனால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். தினமும் முழுப் பாரத்தோடு மலைப்பாதையில் ஓடுகிறவருக்கு அது நல்லது. அரைப் பாரத்தில் கீரை, தக்காளி கொண்டு போகிறவருக்கு கம்பெனி அளவு எண்ணெய் ஷாக்கே போதும்.

4. ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்க. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

5. நம்ம ஊர் உப்புக்காற்றில் பிஸ்டன் கம்பி துருப்பிடித்தால் அந்தச் சொரசொரப்பு சீலைக் கிழித்துவிடும். கம்பியின் குரோம் பூச்சு வழுவழுப்பாக இருக்கா, தூசி மூடி இருக்கா என்று பார்த்து வாங்குங்க. எண்ணெய் மாற்றி பெயின்ட் அடித்த பழைய ஷாக் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். பில் கேட்டு வாங்குங்க.

மாட்டும்போது

கடையில் படுத்துக் கிடந்த எண்ணெய் ஷாக்கில் காற்றுக் கலந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுக்க இழுத்து அமுக்கிய பிறகே மாட்டணும். புஷ் நட்டை வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்கணும். ஜாக்கியில் தூக்கி வைத்தபடி முறுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும்.

கனமானதைக் கழற்றிவிட்டு, பட்டையைச் சுத்தம் செய்து, கம்பெனி அளவு எண்ணெய் ஷாக் நான்கும் போட்டேன். காற்றையும் சரியாக வைத்தேன். இப்போ பெட்டிக்கு அரைக் கிலோவுக்கு மேல் கழிவு போறதில்ல. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கதவின் உள்பக்கம் எழுதி வச்சிருக்கேன். நீங்களும் எழுதி வைங்க. அடுத்த முறை வண்டி குலுங்கும்போது கடைக்காரரைக் கேட்பதற்கு முன் அந்தக் கணக்கைப் பார்க்கலாம்.