ஜீப்பின் ஓசை கேட்டுப் பழுதறிதல்

கொங்கு நாட்டில் மலையடிவாரத்திலும் மலைமேலும் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப் ஒரு நல்ல துணை. மகிந்திரா நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அவ்வழியில் வந்த வண்டிகள் இன்றும் உரமூட்டையும் விளைபொருளும் சுமந்து மலையேறுகின்றன. திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளும், ஆழியாறிலிருந்து வால்பாறை செல்லும் பாதையில் 40 வளைவுகளும் உள்ளன. இப்பாதைகளில் பாரத்துடன் செல்லும் வண்டியில் எழும் புதிய ஓசை எதையும் அலட்சியம் செய்தல் கூடாது.

விசை செல்லும் வழி

எஞ்சினின் விசை கிளட்ச், கியர் பெட்டி ஆகியவற்றைக் கடந்து டிரான்ஸ்பர் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து முன்னும் பின்னும் செல்லும் இரண்டு புரொப்பெல்லர் ஷாப்டுகள் வழியாக அச்சுகளில் உள்ள கிரவுன் பினியனுக்கும், பின் சக்கரங்களுக்கும் போகிறது. ஓசை இவ்வழியில் எங்கே பிறக்கிறது என்று அறிவதே முதல் வேலை.

சோதிக்கும் முறை

1. முதலில் ஷாப்டிலும் சக்கரங்களின் உட்புறத்திலும் காய்ந்து ஒட்டியுள்ள சேற்றைக் கழுவவும். பல வண்டிகளின் அதிர்வு இதிலேயே நின்றுவிடும்.

2. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடவும். அப்போது கேட்கும் ஓசை கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர் பெட்டியின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போது மட்டும் எழுந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கும்.

3. ஆளில்லாத சமதளச் சாலையில், பாரமின்றி, 40 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றவும். ஓசை நீடித்தால் பழுது ஷாப்டிலோ அச்சிலோ சக்கரத்திலோ இருக்கலாம். இறக்கத்தில் இச்சோதனையைச் செய்யக் கூடாது.

4. அதே சாலையில் மெதுவாக இடமும் வலமும் வளைக்கவும். இடப்புறம் வளையும்போது பாரம் வலச் சக்கரத்தின் மேல் விழும். அப்போது உறுமல் கூடினால் வலச் சக்கர பேரிங்கைப் பார்க்கவும்.

ஓசையும் காரணமும்

வண்டி கிளம்பும்போது 'டக்' என்ற ஒலியும், மெதுவாகப் போகையில் 'கீச் கீச்' என்ற ஒலியும் கேட்டால் யூ-ஜாயின்ட் சிலுவையில் கிரீஸ் வற்றியிருக்கும். மூடிகளின் ஓரத்தில் செந்துரு தெரிந்தால் உள்ளிருக்கும் ஊசி உருளைகள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். நிப்பிள் உள்ள சிலுவையானால் நான்கு முனைகளிலும் பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதியதைச் செலுத்தவும். ஆட்டம் இருந்தால் சிலுவையை மாற்றுவதே வழி. ஷாப்டைக் கழற்றுமுன் இணைப்புகளில் அடையாளக் கோடு இட்டு, அதே நிலையில் திரும்பப் பூட்டவும். மாற்றிப் பூட்டினால் புதிய ஜாயின்டும் அதிரும்.

விசை கொடுக்கும்போது மட்டும் ஊளையிடும் ஓசை பெரும்பாலும் கிரவுன் பினியன் பற்கள் சரியாகப் பொருந்தாமையைக் காட்டும். விசையை விடும்போது மட்டும் வந்தால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கக் கூடும். இவற்றைச் சரிசெய்ய அளவுக் கருவி தேவை. தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே சிக்கனம்.

தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கம் வேண்டாம்

திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி இவ்வேறுபாட்டை ஈடுசெய்யும். தாரில் வழுக்க இடமில்லாததால் பற்சக்கரங்கள் முறுக்கேறி 'கடக்' என்று வெடிக்கும், லீவரும் இறுகிக்கொள்ளும். அப்போது சில அடி பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு தளரும். முன்னும் பின்னும் தேய்மானம் வேறுபட்ட டயர்களைப் போட்டாலும் இதே தொல்லை வரும்.

எண்ணெய் சொல்லும் சேதி

கியர் பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி, இரு அச்சுகள் ஆகியவற்றில் எண்ணெய் அளவைப் பார்க்கவும். பொதுவாக எண்ணெய் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். வண்டிக் கையேட்டில் குறித்த தரத்தையே ஊற்றவும். வடித்த எண்ணெயில் நுண்பொடி இருத்தல் இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் வண்டியை ஓட்டக் கூடாது. ஓடையைக் கடந்தபின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். எண்ணெயை மாற்றி, அச்சின் காற்றுத் துளை அடைத்துள்ளதா என்றும் பார்க்கவும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில் உள்ளது. அது ஷாப்டை மட்டுமே பிடிக்கிறது. பின் ஜாயின்ட் முறிந்தால், முன் இயக்கம் சேர்க்கப்படாத வண்டியைக் கைப்பிரேக்கும் நிறுத்தாது, கியரும் நிறுத்தாது. சரிவில் நின்ற வண்டி உருண்டுவிடும். ஆகவே ஷாப்டைக் கழற்றுமுன் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும். இரு சக்கரங்களை மட்டும் தூக்கி வைத்து நான்கு சக்கர இயக்கத்தில் எஞ்சினை ஓட்டினால் வண்டி பாய்ந்துவிடும். சுழலும் ஷாப்டின் அருகே வேட்டி, துண்டுடன் செல்லக் கூடாது.

மலைப் பாதையில் பாரம் ஏற்றுமுன் யூ-ஜாயின்டை ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். சிறு ஆட்டத்தை அன்றே கண்டறிந்தால் சிலுவையை மாற்றுவதோடு செலவு முடியும். வண்டியும் அதில் வருவோரும் பத்திரமாக வீடு சேரலாம்.