அபராதச் சீட்டு: செலுத்துவதா, மறுப்பதா?

மிகுவேகத்திற்கான அபராதச் சீட்டு கைக்கு வந்தவுடன் சிலர், "தொல்லை ஒழியட்டும்" என்று பணத்தைக் கட்டிவிடுகின்றனர். வேறு சிலர், மறுத்து நிற்பதே வீரமென எண்ணி வழக்கிற்கு எழுகின்றனர். ஆராயாது கொள்ளும் இவ்விரண்டும் தீர்மானம் ஆகா. உண்மை யாது, சான்று யாது, விளைவு யாது என்னும் மூன்றையும் வரிசையாக நோக்குவோம்.

முதலாவது, உண்மை. குறித்த நாளில், குறித்த இடத்தில் அவ்வண்டியை ஓட்டியவர் நாமா? அறிவிப்புப் பலகை காட்டிய அளவை நாம் கடந்தோமா? இதற்கு விடை கூற வேண்டியது நம் நெஞ்சமே. வண்டி நம்முடையதாயினும் ஓட்டியவர் பிறராயின், காவல் அதிகாரி கேட்குமிடத்து அவரைப் பற்றிய விவரம் தருவது உரிமையாளரின் கடமை என 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு விதிக்கின்றது.

இரண்டாவது, சான்று. மிகுவேகக் குற்றத்தைக் கூறும் 183-ஆவது பிரிவு, ஒரே சாட்சி தம் கண்மதிப்பால் சொல்லும் வேகத்தை மட்டும் கொண்டு ஒருவரைத் தண்டித்தலாகாது என்கின்றது; அம்மதிப்பு கருவியின் அளவையைச் சார்ந்திருத்தல் வேண்டும். 2021-இல் வந்த 167ஏ விதி, கண்காணிப்புக் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழும், கண்காணிப்பை முன்னறிவிக்கும் பலகையும், அறிவிப்பில் வண்டியின் படம், அளந்த வேகம், நாள், நேரம், இடம் ஆகியவையும் வேண்டுமென வகுத்தது. ஆதலின் படத்தை உற்றுநோக்குக. வண்டி எண்ணில் ஓர் எழுத்தோ இலக்கமோ பிறழ்ந்தாலும் பிறர் குற்றம் நம் தலைமேல் ஏறும்.

மூன்றாவது, விளைவு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி இலகுரக வண்டிக்கு ரூ. 1,000 முதல் 2,000 வரையும், நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளுக்கும் பயணி வண்டிகளுக்கும் ரூ. 2,000 முதல் 4,000 வரையும் அபராதம் உண்டு. மறுமுறை அக்குற்றம் நேரின் ஓட்டுநர் உரிமமே கைப்பற்றப்படும். இணக்கக் கட்டணம் செலுத்திவிட்டால் வழக்கு முடிந்தது என்பது மெய்யே. ஆயினும் 200-ஆவது பிரிவில் 2019-இல் சேர்க்கப்பட்ட வாசகத்தின்படி, அவ்வாறு தீர்த்ததும் முன்செய்த குற்றமாகவே எண்ணப்படும். வாடகை வண்டியும் லாரியும் ஓட்டிப் பிழைக்கும் நம்மவர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். செய்யாத பிழைக்கு இன்று கட்டும் ஆயிரம் ரூபாய், நாளை அவர்தம் பிழைப்பையே தொடக்கூடும். ஊழியரை மிகுவேகமாய் ஓட்டச் செய்யும் முதலாளிக்கும் அபராதம் உண்டென்பதையும் அவர்கள் அறிக.

ஆதலின் முடிவு இது. குற்றம் மெய்யாயின், சீட்டில் கண்ட சிறு எழுத்துப் பிழையைப் பற்றிக்கொண்டு வாதாடாது, கட்டணத்தைச் செலுத்தி வேகத்தைக் குறைப்பதே நேர்மை. குற்றம் பொய்யாயின், சுங்கச்சாவடி ரசீது, பணிப்பதிவேடு, சாலைப் பலகையின் படம் முதலியவற்றைத் திரட்டி, குறித்த காலத்துக்குள் மறுப்பதே தக்கது. நீதிமன்றம் செல்ல ஒரு நாட்கூலி இழக்க நேரலாம். அதனையும் உரிமத்தின் மதிப்பையும் சீர்தூக்கிப் பார்க்க. சீட்டைப் பெட்டியில் போட்டு மறந்துவிடுதல் மட்டும் எவர்க்கும் வழியன்று.

பயிற்சி வினாக்கள்:
1. இணக்கக் கட்டணம் செலுத்தியபின்னும் எஞ்சி நிற்பது யாது?
2. ஒரு சாட்சியின் கண்மதிப்பு மட்டும் ஏன் போதாது?
3. வண்டியைப் பிறர் ஓட்டியிருப்பின் உரிமையாளர் கடமை யாது?