ஒன்றாய் இழுக்கும் இருதயம்



"நோயாளிகளைக் கவனிக்கவே பணம் போதாதபோது, சுகமாயிருப்பவர்களின் இருதயத்தை ஏன் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள்?" சபைகளுக்கு நாங்கள் போகும்போது இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இம்மாதப் பாடத்தில் அதற்குப் பதில் காண்போம்.

நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் வலை கரைசேரும். அவரவர் நினைத்தபோது இழுத்தால் பலம் வீணாகும். இருதயத்தின் இடது கீழறையும் இப்படித்தான். அதன் சுவர்த் தசைகள் யாவும் ஏறக்குறைய ஒரே கணத்தில் சுருங்கினால்தான் இரத்தம் உடலெங்கும் நன்றாய்ப் பாயும். மின்தூண்டல் ஒரு பக்கத்துக்குத் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தால் அந்தச் சுவர் பிந்திச் சுருங்கும். ஏற்கெனவே பலவீனமான இருதயம் இதனால் இன்னும் தளரும். மூச்சிரைப்பும் கால் வீக்கமும் வரலாம்.

இருதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோ கருவியின் கதை துறைமுகத்தாருக்குப் பிடிக்கும். 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் அதைத் தொடங்கினார்கள். மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் விரிசலைக் கண்டறிய வைத்திருந்த கருவியைத்தான் முதலில் இரவல் வாங்கிப் பார்த்தார்கள்.

இன்றைய முப்பரிமாண எக்கோ, இடது கீழறையை முழு உருவமாகக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் அதை 16 பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் எப்போது மிகச் சிறிதாகச் சுருங்குகிறது என்று அளக்கிறது. அந்த நேரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதை ஒரு துடிப்பின் நேரத்தில் இத்தனை சதவீதம் என்று சொல்கிறார்கள். 2005-இல் வெளியான லண்டன் ஆய்வில், சுகமுள்ள 89 பேரிடம் இது சராசரி 3.5 சதவீதம். இருதயம் மிகவும் பலவீனமானவர்களிடம் ஏறத்தாழ 15 சதவீதம்.

இப்போது கேள்விக்கு வருவோம். நம் கடலில் கடைசி அரசு முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அந்நாட்களில் தோணியில் கயிறு பிடித்திருந்தவருக்கு, நலமான ஒருவர் எவ்வளவு நேரம் மூச்சடக்குவார் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தானே தாமதத்தில் ஆபத்தை உணர முடியும்! மருத்துவரும் அவ்வாறே சுகத்தின் அளவை முதலில் அறிய வேண்டும். அந்த அளவும் ஊருக்கு ஊர் ஒன்றல்ல. இந்தியா உட்பட 15 நாடுகளில் சுகமுள்ள சுமார் 2,000 பேரை எக்கோவில் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியரின் இடது கீழறையே அளவில் சிறியதாயிருந்தது. பிறர் அளவுகோலை அப்படியே நம்மேல் வைத்தால் தவறு நேரலாம்.

தவறு எவ்வளவு பெரியது என்பதற்கு 2013-இல் வெளியான ஒரு ஆய்வு சாட்சி. இருதயம் தளர்ந்த சிலருக்கு ஈசிஜி அலை அகலமாயில்லை. ஆனால் எக்கோவில் ஒத்திசைவு குறைவாய்த் தெரிந்தது. இருதயச் சுவர்களை ஒன்றாய்த் துடிக்கச் செய்யும் கருவியை அவர்களுக்கு இயக்கிப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை, மரணங்களே கூடின. ஆகவே அந்தக் கருவி தேவையா என்பதற்கு எக்கோ எண்ணை மட்டும் நம்புவதில்லை. ஈசிஜியும் இருதயத்தின் பலமும் முக்கியமாய்ப் பார்க்கப்படுகின்றன.

பிரியமானவர்களே, சுகமுள்ள ஒருவர் அரைமணி நேரம் படுத்து எக்கோவுக்கு இடம்கொடுப்பது வீணல்ல. தேவையில்லாத கருவியிலிருந்து ஒரு நோயாளியை அது காக்கலாம். உங்கள் காணிக்கையும் ஜெபமும் அதே கயிற்றை இழுக்கும் கைகளே. சேர்ந்தே இழுப்போம்.