ஓய்வு பெற்றபின் செய்த உபகாரம்



வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, வெகுமதி கொடுத்து, நாலு நல்ல வார்த்தை பேசி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். அதன்பின் அவருக்கு என்ன வேலை? "இனி என்ன இருக்கிறது, திண்ணையில் உட்கார வேண்டியதுதான்" என்று அநேகர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாற்பது வருஷம் பாடுபட்டுக் கற்ற வித்தை, பென்ஷன் வாங்கிய அன்றே முடிந்துபோகிறதா? இக்கேள்விக்குத் தம் ஜீவியத்தால் பதில் சொன்ன ஓர் அம்மையாரை இவ்வாரம் நினைவுகூருவோம். அவர் பெயர் மேரி கோல்டா ராஸ். விமானமும் ராக்கெட்டும் அமைத்த பொறியியல் வல்லுநர்.

பிறப்பும் படிப்பும்

1908-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி, அமெரிக்காவில் ஓக்லஹோமா மாகாணத்தின் பார்க் ஹில் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். செரோக்கி என்ற பூர்வீகக் குடியைச் சேர்ந்தவர். 1838, 1839-ம் ஆண்டுகளில் அமெரிக்க சர்க்கார் அக்குடியினரைச் சொந்த நிலத்தைவிட்டு மேற்கே துரத்தியது. பசியாலும் குளிராலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். அப்போது அவர்களுக்குத் தலைவராயிருந்த ஜான் ராஸ், இவ்வம்மையாருக்கு நான்கு தலைமுறை முந்திய பாட்டனார்.

எல்லாம் இழந்து வந்த அந்த ஜனங்கள் புது இடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1851-ல் ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றும், பெண்பிள்ளைகளுக்கு ஒன்றுமாக இரண்டு உயர்தரப் பள்ளிகளைத் திறந்தார்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் கல்வி ஒன்றே என்பது அவர்கள் கொள்கை. அதன் பலன் மேரியின் வீட்டிலும் இருந்தது. பதினாறு வயதில் கல்லூரி சேர்ந்தார். கணக்கு வகுப்பில் ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம் உட்கார, அவர் மட்டும் மறு பக்கம் உட்கார்ந்தார். அதற்காக அவர் கணக்கை விடவில்லை. 1928-ல் பட்டம் பெற்று, நாட்டுப்புறப் பள்ளிகளில் கணக்கும் விஞ்ஞானமும் போதித்தார். 1938-ல் மேல்பட்டமும் பெற்றார்.

அவர் செய்த வேலை

1942-ல், உலக யுத்த காலத்தில், லாக்ஹீட் விமானக் கம்பெனியில் கணித வல்லுநராகச் சேர்ந்தார். பி-38 என்னும் போர்விமானம் மிக வேகமாகத் தலைகீழாய்ப் பாயும்போது, காற்று அதன்மேல் நெருங்கி மோதி, விமானி சொன்னபடி கேளாமல் செய்தது. இப்படிப்பட்ட சிக்கல்களைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். யுத்தம் முடிந்ததும் அநேக பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவரையோ கம்பெனி வைத்துக்கொண்டு மேலும் படிக்க அனுப்பியது. பின்பு அங்கே நாற்பது பொறியாளர்களைக் கொண்டு இரகசியப் பிரிவு ஒன்று அமைந்தபோது, அவர்களில் ஒரே பெண் பொறியாளர் அவரே.

அஜீனா என்னும் ராக்கெட் வேலையிலும் அவருக்குப் பங்குண்டு. 1966 மார்ச்சில் நீல் ஆம்ஸ்ட்ராங், டேவிட் ஸ்காட் இருவரும் தங்கள் விண்கலத்தை வானத்திலே மற்றொரு கலத்தோடு முதன்முதல் இணைத்தார்கள். அந்த மற்றொரு கலம் ஓர் அஜீனாதான். செவ்வாய், சுக்கிரன் ஆகிய கிரகங்களுக்குப் போகும் வழியைக் கணக்கிடும் கைந்நூலிலும் அவர் உழைப்பு இருக்கிறது. அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி இரகசியமானது. செய்த வேலையை வீட்டிலே சொல்லிப் பெருமை கொள்ளவும் அவருக்கு வழியில்லை.

ஓய்வுக்குப் பின்

1973-ல் அவர் ஓய்வு பெற்றார். அதன்பின் முப்பத்தைந்து வருஷம் உயிரோடிருந்தார். லாக்ஹீட் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த காலத்தைவிட இது நீண்டதென்பதைக் கவனியுங்கள். அக்காலத்தில் பெண்பிள்ளைகளையும் பூர்வீகக் குடிப் பிள்ளைகளையும் தேடிப்போய்ப் பேசினார். "கணக்கு உனக்கு வரும், பொறியியல் படி" என்று ஊக்கினார். அவர்களுக்காக உழைக்கும் சங்கங்களில் சேர்ந்து பாடுபட்டார். 2004-ல் வாஷிங்டன் நகரில் அமெரிக்கப் பூர்வீகக் குடிகளின் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 96. உறவுப் பெண் தைத்துக்கொடுத்த செரோக்கி உடையை உடுத்தி அவ்விழாவுக்குப் போனார். 2008 ஏப்ரல் 29-ல், நூறு வயது நிறைய நான்கு மாதம்கூட இல்லாதபோது இறந்தார். தாம் சேர்த்ததில் நான்கு லட்சம் டாலருக்குமேல் அக்காட்சியகத்துக்கு விட்டுச்சென்றார். 2019-ல் அமெரிக்க சர்க்கார் வெளியிட்ட ஒரு டாலர் நாணயத்தில், அவர் கணக்கு எழுதும் உருவம் பொறிக்கப்பட்டது.

நாம் கற்க வேண்டியவை

முதலாவது, வித்தையும் ஒரு சொத்து. பணமில்லாதவர் தர்மம் செய்ய முடியாதென்று நினைப்பது தவறு. நம் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர், நர்ஸ், மெக்கானிக், தையற்காரர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது சிறிய உபகாரமல்ல.

இரண்டாவது, உபகாரம் செய்கிறவர் தேடிப்போக வேண்டும். உதவி தேவைப்படுகிற பிள்ளை பெரும்பாலும் கேட்கக் கூசும். கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் மட்டும் போதாது.

மூன்றாவது, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. செலவு நெருக்கும்போது மகன் படிப்பு நிற்பதில்லை, மகள் படிப்பே நிற்கிறது. நிலத்தை இழந்த ஒரு ஜனம் பெண்களுக்கும் பள்ளி கட்டியிருக்க, நிலமும் வீடும் உள்ள நாம் என்ன சாக்குச் சொல்வோம்?

நான்காவது, இறந்த நல்லவரை நினைப்பதற்குப் படம் மாட்டினால் மட்டும் போதாது. அவர் விட்ட வேலையை எடுத்துச் செய்கிறவனே அவரை மெய்யாக நினைக்கிறான்.

வீட்டில் கேட்டுப் பேச

1. நம் தெருவில் ஓய்வு பெற்றவர்கள் யார் யார்? அவர்களிடம் நாம் கற்கக்கூடியது என்ன?
2. நம் வீட்டில் படிப்பு நின்றுபோகும் நிலையில் யாரேனும் உண்டா? காரணம் என்ன?
3. நமக்குத் தெரிந்த எந்த வித்தையை, யாருக்கு, இம்மாதமே சொல்லிக் கொடுக்கலாம்?

மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயராவது கிடைத்தால், நாளைக்கே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.