தீவகக் கரையோரத் தொன்மைகள்

ஆனி மகோற்சவ காலத்தில் நயினை நாகபூசணி அம்மனைத் தரிசிக்கக் குறிகட்டுவான் துறையிலே வள்ளமேறும் அடியார்கள் ஆயிரக்கணக்கினர். அவ்வாலயத்திலுள்ள கல்வெட்டை நின்று நோக்குவோரோ மிகச் சிலர். பொலன்னறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழிலே பொறிப்பித்த சாசனம் அது. அதனைப் படித்து ஆராய்ந்து உலகறியச் செய்தவர் பேராசிரியர் கா. இந்திரபாலா.

ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பிறதேசத்தவர் வந்து தங்குதல் வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பளித்தல் வேண்டும் என்கிறது சாசனம். யானை, குதிரை ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிகப் பண்டம் ஏற்றிய கலமாயின் சரிபாதி. அரசனுக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருவோருக்குச் சலுகை கூடுதலாக இருப்பது கவனிக்கத்தக்கது. சிங்கள மன்னனின் ஆணை தமிழில் அமைந்தமை, இக்கரையில் வாணிகம் செய்தோரிடையே வழங்கிய மொழியைக் காட்டுகின்றது.

சாசனத்தைப் பார்த்தவர்கள் அது கூறும் துறைமுகத்தையும் பார்த்தல் நன்று. ஊர்காவற்றுறைக் கரையில் நின்றால் காரைநகர்ப் பக்கமாகக் கடல் நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஹம்மன்ஹீல் என்பது அவர்கள் இட்ட பெயர்.

அங்கிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வந்தால் யாழ்ப்பாணக் கோட்டை. இன்று காணும் ஐங்கோண அமைப்பு ஒல்லாந்தருடையது. மதில்களில் முருகைக்கல்லைக் காணலாம். 1706இல் எழுந்த தேவாலயம் போரில் அழிந்தது. கோட்டையினுள் நடந்த அகழ்வாய்வுகளிலே சீன மட்பாண்டத் துண்டுகளும், ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய மட்கலங்களும் வெளிப்பட்டன. ஆகவே கோட்டைக்கு முன்னரே அவ்விடத்தில் துறை இருந்தது.

நாவலர் வீதியிலுள்ள நூதனசாலையை முதலில் பார்ப்பதே வழக்கம். இறுதியில் பார்ப்பதே பயனுடையது. கந்தரோடையிற் கிடைத்த பொருட்கள் அங்குண்டு. கடலையும் துறையையும் கண்டு வந்தவனுக்கே அவை பேசும்.

நூதனசாலைக்குப் போய்ச் சேராத கற்களும் பல. திருப்பணியின்போது பழைய தூண்களும் எழுத்துடைய கற்களும் அத்திவாரத்துக்குள் போடப்படுவதுண்டு. 1815க்கு முற்பட்டவை சட்டப்படி தொல்பொருட்கள். அத்தகைய கல் தென்பட்டால், கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்பொருட் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கோ அறிவிக்கலாம். மங்கிய எழுத்து காலை, மாலைச் சாய்வெயிலிலே தெளிவாகும். சுண்ணாம்போ எண்ணெயோ பூசிப் பார்த்தலாகாது.