கொட்டகைக் கால் மண்ணிலா, கல்லிலா?



ஆடு, மாடு வாங்கக் குழுவில் கடன் எடுக்கிறோம். அதில் ஒரு பங்கு கொட்டகைக்கும் போகிறது. கடன் முடியும் முன்பே கால் இத்துப்போனால், தவணையோடு மராமத்துச் செலவும் சேர்ந்துவிடும்.

ஏன் இத்துப்போகிறது?

புதைத்த காலைப் பிடுங்கிப் பாருங்கள். தரைமட்டத்தில்தான் அதிகம் இத்திருக்கும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் வேண்டும். இரண்டும் சேரும் இடம் அதுதான். கரையானும் மண்ணுக்குள்ளேயே, நம் கண்ணில் படாமல் ஏறிவிடும். நம்ம சங்கரன்கோவிலில் புற்றுமண் பிரசாதம்; கொட்டகைக் காலில் புற்று என்றால் நஷ்டம்தான்!

பெரியவர்கள் செய்த வழி

பத்மநாபபுரம் அரண்மனையிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் மரத்தூண்கள் கல்மேல் நிற்கின்றன. ஜப்பானில் ஹோர்யூஜி என்ற கோவிலின் ஐந்தடுக்கு மரக்கோபுரத்துக்கு வயது சுமார் 1300. அதில் நடுத்தூணை மட்டும் மண்ணில் புதைத்திருந்தார்கள். 1926-ல் பார்த்தபோது, புதைத்த அடிப்பகுதி இத்துப்போய் வெறும் குழிதான் இருந்தது.

எப்படிச் செய்வது?

1. குழி தோண்டி, சல்லி போட்டு நன்றாக இடித்து, அதன்மேல் கல்லை அசையாமல் பதிக்கணும். அரை அடியாவது வெளியே தெரியணும். கல்லின் மேல்பக்கம் லேசாக மேடாக இருந்தால் தண்ணீர் வடிந்துவிடும்.

2. காலைக் கல்மேல் நிறுத்தி, தூக்குகுண்டு பிடித்து நேராக்கி, ஆடாமல் முட்டுக் கொடுக்கணும்.

3. கவராயத்தின் முள் கல்லைத் தொட, பென்சில் மரத்தைத் தொட, விரிப்பு மாறாமல் காலைச் சுற்றி வாருங்கள். கல்லின் மேடுபள்ளம் அப்படியே மரத்தில் கோடாக விழும்.

4. கோட்டோடு வெட்டி, உளியால் செதுக்கணும். நடுவில் சற்றுக் குடைந்தால் ஓரம் நன்றாக உட்காரும்.

5. கல்லில் கரித்தூள் தடவி, காலை வைத்து எடுங்கள். கரி ஒட்டிய இடம்தான் இடிக்கிற இடம்; அதைச் சீவணும். ஓரம் முழுக்கக் கரி படும்வரை இப்படியே செய்யணும்.

கவனம்!

கல்மேல் வைத்த கால் தனியாக நிற்காது. மேலே குறுக்குச் சட்டமும், மூலைகளில் சாய்வுக் கட்டையும் வேண்டும். தகரக் கூரையை ஆடிக்காற்று தூக்கிவிடும். அதனால் மூலைக் கால்களை இரும்புப் பட்டையால் தரைக் கான்கிரீட்டோடு முடுக்க வேண்டும். கரையான் வந்தால் கல்மேல் மண்கோடு தெரியும். வாரம் ஒருமுறை பார்த்துத் தட்டிவிடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

- கொட்டகைக் கால் மாற்ற நம்மில் யார் யார், எவ்வளவு செலவு செய்தோம்?
- கல்லுக்கும் ஆசாரி கூலிக்கும் ஆகும் தொகையை முதல் கடன் மனுவிலேயே சேர்க்கலாமா?