மூச்சைக் காக்கும் முயற்சி

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. சிவகாசியில் பட்டாசுத் தொழில் தழைத்தோங்கினும், சுற்றுப்புறக் கரிசல் நிலங்களில் பருத்தி பயிரிடுவோர் பலர் உளர். பருத்தியைத் தாக்கும் புழுக்களை அழிக்க உழவர் தெளிக்கும் மருந்துகளுள் ஆர்கனோபாஸ்பேட் என்னும் பாஸ்பரஸ் சேர்மங்களும் உண்டு. இவை போரில் பயன்படும் நரம்பு நஞ்சுகளுக்கு உறவுடையவை. 1936ஆம் ஆண்டில் செருமானிய வேதியியல் அறிஞர் கெரார்டு சிரேடர், பூச்சிக்கொல்லியைத் தேடியபோதே தபூன் என்னும் கொடிய நரம்பு நஞ்சினைக் கண்டறிந்தார்.

இந்நஞ்சு உடலில் யாது செய்கிறது? பட்டாசுச் சாலையில் தீ மூள்வது எளிது. ஆதலின் அதனை அணைக்க மணலும் நீரும் அருகில் இருத்தல் வேண்டும். நம் உடலும் அத்தகையதே. நரம்பின் முனையில் அசெட்டைல்கோலின் சுரந்து தசையை இயக்குகிறது. உடனே ஒரு நொதி அதனைச் சிதைத்து விடுகிறது. நஞ்சு அந்நொதியை முடக்கிவிடுவதால், அணைப்பாரற்ற தீயைப்போல அசெட்டைல்கோலின் பெருகுகிறது.

அதனை ஏற்கும் வாயில்கள் இருவகைப்படும். மஸ்கரின் வகை வாயில்கள் உமிழ்நீரையும் சளியையும் பெருக்கும். நிக்கோட்டின் வகை வாயில்களோ மூச்சை நடத்தும் தசைகளில் உள்ளன. மருத்துவர் முதலில் அளிக்கும் அட்ரோப்பின் முன்னதை அடைக்குமேயன்றிப் பின்னதை அடைக்காது.

இதன் விளைவை 1987ஆம் ஆண்டில் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கா, கரல்லியத்த ஆகிய இருவரும் உலகறிய எடுத்துரைத்தனர். நஞ்சுண்டு, அட்ரோப்பினால் தேறிய பதின்மர்க்கு ஒருநாள் முதல் நான்கு நாட்களுக்குள் தசைகள் தளர்ந்தன. அவருள் நால்வர்க்குச் செயற்கைச் சுவாசம் விரைந்து தேவைப்பட்டது.

அவ்வாறாயின் நிக்கோட்டின் வாயில்களையும் அடைத்தால் என்ன? முழுவதும் அடைப்பின் தசையே அசையாது, மூச்சும் நின்றுவிடும். அளவோடு அடைத்தல் வேண்டும். அத்தகைய பண்புடைய எம்பி327 என்னும் பொருள், நரம்பு நஞ்சுற்ற கினிப் பன்றிகளைக் காத்தது எனப் பிரிட்டானிய ஆய்வாளர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விலங்கில் கண்ட பயன் மனிதர்க்கும் கிட்டுமாறு செய்தல் நெடும்பணியாகும்.

மாணவர்களே! நஞ்சு மேலே பட்டவரின் ஆடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அனுப்புதல் நம் கடமை. தேறினார் என்று எண்ணி மருத்துவர் விடுக்குமுன் அழைத்து வருதல் தகாது. உயிரைக் காப்பதில் அறிவும் வேண்டும்; பொறுமையும் வேண்டும்.